மிதந்தால் போதுமா?

போன வருஷம் ஆனி மாதம். காலை பத்து மணி இருக்கும். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மதுரையில் வேலை பார்க்கிற என் பேரன். வண்டியின் தலைக்கு மேல் பச்சை நிறத்தில், பன்னிரண்டு அடி நீளத்தில் ஏதோ ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன சார், தண்ணித் தொட்டியை நீளவாக்குல வாங்கிட்டு வந்திருக்காரு பேரப்பிள்ளை?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அது கயாக். ஒரே ஆள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை வைத்த ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற சின்னப் படகு. இது மீன் பிடிப்பதற்கென்றே செய்தது. தூண்டில் கம்பு செருகி வைக்கக் குழிகள், பிடித்த மீனைப் போட இடம், சாமான் வைக்க மூடி போட்ட பொந்து எல்லாம் இருந்தன. நம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி எப்படித் தயாராகிறதோ, அப்படித்தான் இதுவும் தயாராகிறது. அச்சுக்குள் பிளாஸ்டிக் பொடியைப் போட்டு, சூடாக்கி, உருட்டி எடுக்கிறார்கள். ஆகவே எதிர்வீட்டுக்காரர் சொன்னது கிட்டத்தட்டச் சரிதான்.

"எவ்வளவுடா?" என்றேன். தொகையைச் சொன்னான். அந்தப் பணத்துக்கு நான் வேலையில் சேர்ந்த காலத்தில் போடியில் ஒரு வீடே வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர்கள் இப்படிக் கணக்குச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

நான் மின்வாரியத்தில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவன். அதனால் புதிதாக ஒரு பொருள் வந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கினால் உடனே கரண்ட் கொடுத்துவிட மாட்டோம். மெக்கர் வைத்துப் பார்ப்போம், எண்ணெயைப் பார்ப்போம், எர்த்தைப் பார்ப்போம். அப்படிப்பட்ட நான் இந்தப் படகு விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என்னை விடச் சின்னவர்களைக் குறை சொல்வதற்கு அல்ல.

கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள் கண்டுபிடித்தது. கரை ஒதுங்கிய மரத்தையும் திமிங்கல எலும்பையும் வைத்துச் சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, அதில் உட்கார்ந்து வேட்டைக்குப் போவார்கள். உடம்பின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி, ஓட்டுகிறவனின் அளவுக்கே படகு இருக்கும். கவிழ்ந்தால் படகை விட்டு இறங்காமலே துடுப்பைச் சுழற்றி நிமிர்ந்துவிடுவார்கள். அந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் சில நிமிஷத்தில் உயிர் போய்விடும் என்பதால், நிமிர்வதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவார்கள்.

என் பேரன் வாங்கிய வகை வேறு. இதில் உள்ளே உட்கார வேண்டியதில்லை, மேலே உட்காரலாம். மேல்தட்டில் ஓட்டைகள் இருக்கின்றன. அலைத் தண்ணீர் மேலே ஏறினால் அந்த ஓட்டை வழியாகவே கீழே இறங்கிவிடும். இதைப் பார்த்ததும் எனக்கு நம் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது. கட்டுமரத்திலும் அதே தத்துவம்தான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அலை மேலே வந்தால் இடுக்கு வழியாக இறங்கிப் போகும். கவிழலாம், ஆனால் மூழ்காது. ஆங்கிலக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட 'கேட்டமரான்' என்ற சொல்லை இன்று உலகமே சொல்கிறது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகுகள் பெருகிவிட்டன.

கட்டுமரத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரம் முழுக் கட்டை. உள்ளே தண்ணீர் புக இடமே கிடையாது. கயாக் உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் அதை மிதக்க வைக்கிறது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

பேரனின் முதல் திட்டம் வைகை அணை. "இங்கருந்து பக்கம்தானே தாத்தா. சாயங்காலம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்" என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அணை என்பது யாரும் இறங்கிவிடலாம் என்கிற ஊர்க் கண்மாய் இல்லை. அங்கே மீன் பிடிப்பதற்கு முறை இருக்கிறது, அதை நம்பிப் பரிசலில் போய்ப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் சொந்தப் படகை இறக்குவது சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. 1959 முதல் நம் ஜில்லாவுக்கும் மதுரைக்கும் சோறு போடுகிற தண்ணீர் அது.

"அப்ப எங்கதான் டெஸ்ட் பண்றது?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். பேரன் முகம் வாடினால் தாத்தாவுக்குப் பொறுக்காது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பர் ஒருவருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே படுதாக் குளம் இருப்பது எனக்குத் தெரியும். போன் போட்டேன். "வாங்க, வாங்க. குளத்துல கட்லா விட்டிருக்கேன், அதையும் பிடிச்சுப் பாக்கட்டும்" என்றார்.

ஏலத்தோட்டம் பார்க்காதவர்களுக்குப் படுதாக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். கோடையில் மூன்று மாதம் காய்ந்தால் தட்டை வாடிவிடும். அதற்காகச் சரிவில் மண்ணை வெட்டிக் குளம் எடுத்து, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் கனமான பிளாஸ்டிக் படுதாவை விரித்துவிடுவார்கள். மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கும். கோடையில் அதிலிருந்து குழாய் போட்டுச் செடிக்குக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரொம்பவும் பொல்லாதது. நாலு பக்கமும் சரிவு, சரிவெல்லாம் பாசி பிடித்த பிளாஸ்டிக். நீச்சல் தெரிந்தவன் விழுந்தால்கூடக் கரையேற முடியாது, கை வைத்த இடமெல்லாம் வழுக்கும். அதனால் என் நண்பர் நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிட்டிருக்கிறார். சுற்றிலும் வேலி, பூட்டுப் போட்ட கேட். "வேலைக்கு வர்றவங்க பிள்ளைகளும் கூட வரும். கயிறு இல்லாம குளம் வெட்டுனா பாவம்" என்பார். பொருளைப் பார்க்கும்போதே அது கெடுக்கிற வழியையும் சேர்த்துப் பார்க்கிற மனுஷர்.

பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பச்சைப் படகைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் எதிரே வந்த ஜீப்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேலே போனதும் மூன்று பேர் சேர்ந்து தூக்கிக் குளத்தில் இறக்கினோம். பேரன் ஏறி உட்கார்ந்தான். குளம் நூறு அடிக்கு அறுபது அடி இருக்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை போய் வந்தான். எழுந்து நின்று காட்டினான், படகு அசையவில்லை. ஒரு கட்லாவும் மாட்டியது. தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். "என்ன தாத்தா, பாஸா?" என்று கத்தினான்.

"பாஸ்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று வரைக்கும் வருத்தப்படுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவனோடு தூத்துக்குடி போனேன். என் மகளும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே ஒரு மீனவர் கிராமத்துக் கடற்கரை. அங்கிருந்து பார்த்தால் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம்தான். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவுகள், 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தவை. தீவில் கால் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சரி என்றான். அந்த விஷயத்தில் நான் உஷார்.

காலை ஏழு மணி. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. கரையில் அலையே இல்லை. எனக்குப் பின்னால், மேற்கேயிருந்து, சட்டையை லேசாக அசைக்கிற காற்று. "குளம் மாதிரிதான் தாத்தா இருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆரஞ்சு நிற லைப் ஜாக்கெட்டை அவன் போட்டுக்கொள்ளவில்லை. "கட்டினா கை வீச முடியல" என்று பின்னால் வலைப்பையில் செருகிவிட்டான். நான் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களைத் தெருவில் நிறுத்திப் புத்தி சொல்கிற நான், சொந்தப் பேரனிடம் வாயைத் திறக்கவில்லை.

அவன் போனது தெரிந்தது. துடுப்பின் மஞ்சள் தட்டு வெயிலில் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் மின்னிக்கொண்டே போயிற்று. கவிழ்த்துப் போட்ட வள்ளம் ஒன்றின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணி வாக்கில் காற்று ஏறியது. பனை மட்டைகள் சடசடக்க ஆரம்பித்தன. கடலில் தூரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கரையில் மட்டும் தண்ணீர் அப்படியே தட்டையாக இருந்தது. ஒன்பதேகாலுக்கு மஞ்சள் மின்னல் நின்றுவிட்டது.

பக்கத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஓடினேன். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, பையன் எந்தப் பக்கம் போனான்?" என்றார். கை காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு இளவட்டங்களைக் கூப்பிட்டார். இஞ்சின் வைத்த வள்ளம் கிளம்பியது. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது.

நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

பேரனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உதடு வெளுத்துப்போய், உள்ளங்கையெல்லாம் கொப்புளமாக வந்தான். கயாக்கைப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி மூழ்கிக் கிடந்தது. நடந்தது இதுதான். காற்று ஏறியதும் திரும்பியிருக்கிறான். துடுப்புப் போடப் போடக் கரை கிட்டே வரவில்லை. இப்படிப்பட்ட படகு சாதாரணமாக மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போனால் பெரிது, அதுவும் எதிர்க்காற்று இல்லாதபோது. அலை மேல்தட்டில் ஏறி இறங்கியது. ஓட்டை வழியாக இறங்க வேண்டிய தண்ணீர் இறங்கியது. ஆனால் சாமான் பொந்தின் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் போயிருக்கிறது. அது அவனுக்குத் தெரியவில்லை. படகு கனத்திருக்கிறது. ஒரு அலைக்குச் சாய்ந்தது நிமிரவே இல்லை. ஜாக்கெட் வலைப்பையோடு கழன்று போய்விட்டது. படகின் வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, இது கச்சான் காத்து. கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கும். கரையில நின்னு பாத்தா கொளம் மாதிரிதான் இருக்கும். போகப் போகத்தான் தெரியும். கைத்துடுப்ப நம்பி இன்னைக்கு யாராவது வெளிய போவாங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம். அவர் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பணம் நீட்டினேன். "டீசலுக்கு மட்டும் குடுங்க" என்று அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

இதில் எனக்கு உறைத்தது என்னவென்றால், அந்தக் காற்று எனக்குப் புதுக் காற்றே அல்ல. ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையைத் தாண்டி நம் ஊரில் இறங்கி, ஓட்டைத் தூக்கி, வாழையைச் சாய்த்து, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காற்று மலையோடு நின்றுவிடாது, கிழக்கே கடல் வரைக்கும் போகும் என்று யோசிக்கவில்லை. காற்று தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்குத்தான் அலை எழும்பும். நிலத்திலிருந்து அடிக்கிற காற்றுக்குக் கரையோரத்தில் ஓட இடமில்லை, அதனால் அங்கே கடல் தூங்குகிற மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக அலை வளரும். திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் எதிராக நிற்கும்.

வீட்டுக்கு வந்து படகை அலசிப் பார்த்தோம். மூடியின் ரப்பர் வளையம் ஒரு இடத்தில் சரியாக உட்காராமல் மடங்கியிருந்தது. விரல் நுழைகிற அளவுகூட இல்லை. படுதாக் குளத்தில் மேல்தட்டில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. ஆகவே மூடியைச் சோதிக்கிற வேலையே அங்கே நடக்கவில்லை. ஒரு குடத்தில் பாதித் தண்ணீரை வைத்துத் தலையில் தூக்கியவர்களுக்கு மீதி விஷயம் புரியும். நிறைகுடம் தளும்பாது. அரைக்குடம் நடக்கிறவரையே தள்ளாட வைக்கும். படகு இந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்க இந்தப் பக்கமே ஓடிவரும், இன்னும் சாய்க்கும். ஐம்பது லிட்டர் புகுந்தால் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று படகுக்குள் இங்கேயும் அங்கேயும் உருண்டுகொண்டிருப்பதாக அர்த்தம்.

விற்றவர்களிடம் பேரன் கேட்டிருக்கிறான். "சார், அது மூழ்கவே மூழ்காது" என்றார்களாம். உண்மைதான், மூழ்கவில்லை. பிடித்துத் தொங்குவதற்கு மிதந்துகொண்டுதான் இருந்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். நாம் சோதனை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் வெள்ளோட்டம். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலடி ஓட்டிப் பார்த்து, கைதட்டுவது. பொருள் நன்றாக இருக்கிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்காகச் செய்வது. டிரான்ஸ்பார்மரை லோடு இல்லாமல் வைத்துப் பார்த்தால் எல்லா டிரான்ஸ்பார்மரும் நல்ல டிரான்ஸ்பார்மர்தான். ஊரே மோட்டார் போடுகிற ராத்திரியில்தான் அதன் சங்கதி தெரியும்.

இதற்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம், அதுவும் நம் பக்கத்திலேயே. 2009 செப்டம்பர் 30. அப்போது நான் கம்பத்தில் வேலையில் இருந்தேன். சாயங்காலம் தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்துபோனார்கள். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். அன்று ராத்திரி முழுவதும் குமுளி மலையில் வண்டிகள் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பழைய படகு அல்ல, ஓட ஆரம்பித்துச் சில வாரங்களே ஆன புதுப் படகு. 75 பேருக்கானதில் அதற்கு மேல் ஏறியிருந்தார்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் போனதாகச் சொன்னார்கள். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள், படகின் அமைப்பைப் பற்றியே கேள்வி எழுந்தது. எனக்குத் தோன்றுவது இதுதான். வனவிலங்கு பார்க்கத்தான் அந்த ஏரிக்குப் போகிறோம். விலங்கு தெரிந்தால் ஜனங்கள் அந்தப் பக்கம் ஓடத்தான் செய்வார்கள். அது விபத்து அல்ல, அந்தப் படகின் அன்றாட வேலையே அதுதான். ஆள் எண்ணிக்கைக்குச் சமமாக மணல் மூட்டையை மேல்தட்டில் ஒரே பக்கமாக அடுக்கிப் பார்த்திருந்தால், மூட்டைகள்தானே தண்ணீரில் விழுந்திருக்கும்?

சோதித்துப் பார்த்தும் காதில் போட்டுக்கொள்ளாதவர்களும் உண்டு. ஸ்வீடன் நாட்டில் 'வாசா' என்று ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். ராஜா அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் முப்பது ஆட்களை மேல்தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கவிழ்ந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் ராஜாவிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை. 1628 ஆகஸ்ட் 10-ம் தேதி கிளம்பி, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. லைப் ஜாக்கெட்டை அவன் செருகியதைப் பார்த்தும் பேசாமல் இருந்த நானும் அந்த அதிகாரிகளும் ஒரே ஜாதிதான்.

நடந்தது தெரிந்ததும் என் மகள், "அதை உடனே வித்துடு" என்றாள். அவள் பயம் நியாயம். ஆனால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்கிறேன்.

2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. கொளுக்குமலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள். போர்வையைக் கம்பில் தூளி கட்டி, கருகிய உடம்புகளை நம் மலை ஜனங்கள் சுமந்து இறக்கினார்கள். அதற்கப்புறம் ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மலையேறி என்ன ஆகப்போகுது, அடியோடு நிறுத்து" என்று ஒரு கட்சி. "எப்பவோ ஒரு தடவை நடக்கிறது, அதுக்காகப் பயப்பட முடியுமா" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் நடுவில் இருக்கிற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டன. மார்ச் மாதம் போதைப்புல் எப்படிக் காய்ந்திருக்கும், எந்தச் சரிவில் தீ எந்தப் பக்கம் ஏறும் என்று குரங்கணியிலும் கொட்டகுடியிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

கடலிலும் அப்படித்தான். 1970-களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பாதிரியார் மீனவர்களுக்காக ஒட்டுப்பலகைப் படகு செய்யும் முயற்சியில் இறங்கினார். அந்தப் பட்டபாட்டையெல்லாம் எழுதி 1985-ல் ஒரு புத்தகம் போட்டார். 'சிறியதே அழகு' என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வைத்த தலைப்புக்கு அர்த்தம் 'சிறியது கஷ்டம்'. படித்தவன் வரைந்த படகைக் கடலில் இறங்குகிறவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவன் அலையில் போட்டுப் பார்த்து, திட்டி, திருத்தச் சொல்லி, மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும். சின்னப் படகுக்குக்கூட அவ்வளவு பாடு. நாமோ கடையில் வாங்கி வண்டியில் கட்டி நேரே கடலுக்குப் போய்விடுகிறோம்.

அதனால் படகை விற்க வேண்டாம், ஒழுங்காகச் சோதிப்போம் என்றேன். ஒரு மாதம் கழித்து, ஆடிக்காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒரு விடியற்காலையில், மறுபடியும் அதே கடற்கரைக்குப் போனோம். முதலில் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். "இன்னைக்குப் போகலாமா?" என்று கேட்டோம். மேற்கே பார்த்து, கிழக்கே பார்த்து, "ஒம்பது மணி வரைக்கும்" என்றார்.

இந்தத் தடவை செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இப்படி ஒரு படகு உங்கள் வீட்டுக்கும் வந்தால் உதவும். கரையிலேயே மூடியின் மேல் பத்து வாளித் தண்ணீரை ஊற்றி, திறந்து உள்ளே கையால் தடவிப் பார்த்தோம். காய்ந்திருந்தது. பிறகு இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, அவனை உட்காரவைத்து, நானும் மருமகனும் வேண்டுமென்றே கவிழ்த்தோம். படகை நிமிர்த்தி, குறுக்கே நெஞ்சு படப் படுத்து, உருண்டு உட்கார வேண்டும். முதல் தடவை முடியவில்லை. ஆறாவது தடவைதான் ஒழுங்காக ஏறினான். பிறகு கழுத்தளவு தண்ணீரில், கால் தரையில் படாமல். ஜாக்கெட்டோடு செய்தான், ஒரு தடவை ஜாக்கெட் இல்லாமலும் செய்தான். இல்லாமல் செய்தபோது அவனே கரைக்கு வந்து எடுத்து மாட்டிக்கொண்டான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டினோம். விசில் ஒன்று கழுத்தில். போன் தண்ணீர் புகாத உறையில், உடம்போடு. எத்தனை மணிக்குத் திரும்பவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில். அப்புறம் கரையை ஒட்டியே போய், கரையை ஒட்டியே வருவது.

விற்கிறவர்களும் இதில் கொஞ்சமாவது செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புது பைக் வாங்கினால் ஹெல்மெட் கொடுக்கிறார்கள். படகு வாங்கினால் ஜாக்கெட்டும், கவிழ்ந்து ஏறுகிற பாடமும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மூழ்காது என்று சொல்கிற வாயால், கச்சான் அடிக்கிற நாளில் போகாதே என்றும் சொல்ல வேண்டும்.

நம் வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து குறைப்படுகிறோம். கேட்க வேண்டிய நேரத்தில் நாம் சொல்கிறோமா? முகம் வாடும், 'பெருசு' என்று நினைப்பான், அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போகமாட்டான் என்று எத்தனை இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம்? அன்று காலையில் நான் மூடிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். படகைப் பற்றித் தெரியாது என்பது சாக்கு.

அன்று ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பேரன் கரையேறிவிட்டான். ஒரு ஊளி மீன் பிடித்திருந்தான். பெரியவருக்குக் கொடுக்கப் போனான். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கேவா?" என்றார். அப்புறம் அந்தக் கயாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் தட்டிப் பார்த்து, ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். "மரம் மாதிரிதான் செஞ்சிருக்கான், உள்ளதான் கூடு" என்று சொல்லிவிட்டு, "நான் ஒரு தரம் ஏறிப் பாக்கட்டா தம்பி?" என்று கேட்டார்.

பேரன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினான். அறுபது வருஷமாகக் கடலில் இருக்கிற மனுஷர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார்.